சரோஜம் டீச்சரின் பூட்டு

சரோஜத்திடம் இரண்டு போன்கள் இருந்தன. ஒன்று பேசுவதற்கு. மற்றது பயிலரங்குகளுக்கு. அந்த இரண்டாவது போன் மூன்று வருடம் முன்பு தண்ணீர் வாளியில் விழுந்து செத்துப்போனது. ஆனாலும் அதைத் துடைத்து, புது உறை போட்டு வைத்திருந்தாள். ஆசிரியர்களுக்கான பயிலரங்கு எங்கே நடந்தாலும் வாசலில் ஒரு பெண் மூங்கில் கூடையோடு நிற்பாள். "போனை இதுல போடுங்க மேம், இது டிரஸ்ட் பாஸ்கெட்" என்பாள். சரோஜம் செத்த போனைக் கூடையில் போட்டுவிட்டு, உயிருள்ளதைக் கைப்பையில் குடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உள்ளே போவாள்.

"நம்பிக்கைன்னு எழுதி வச்ச கூடையில யாராவது போனைப் போடுவாங்களா?" என்று வீட்டுக்கு வந்து கணவனிடம் கேட்பாள்.

சாலைக் கடைத்தெருவில் பாத்திரக்கடை நடத்தும் லிங்கராஜுக்கு இது முப்பது வருடப் பழக்கம். "நீ சந்தேகப்படாத சாதனம் இந்த வீட்டுல எது உண்டு, சொல்லு. பால் வந்தா மோந்து பாக்க. நான் கழத்திப் போட்ட சட்டையையும் மோந்து பாக்க."

"பால் ரெண்டு தடவை திரிஞ்சு போச்சு."

"சட்டை?"

"அது இன்னும் திரியல்ல."

சரோஜத்துக்கு ஐம்பத்து மூன்று வயது. பிறந்தது தக்கலைப் பக்கம். அப்பாவுக்குத் திருவனந்தபுரத்தில் வேலை கிடைத்து கரமனைக்குக் குடிவந்தபோது அவளுக்கு ஐந்து வயது. படித்தது முழுக்க மலையாளத்தில். அக்காள் கல்யாணமாகி நாகர்கோவிலுக்குப் போய், அங்கிருந்து வாரம் ஒரு கடிதம் எழுத ஆரம்பித்தாள். அம்மா அந்தக் கடிதங்களைத் தானே வாசித்துவிட்டு, "சுகமா இருக்காளாம்" என்று மட்டும் சொல்லி மடித்து வைப்பாள். நான்கு பக்கக் கடிதத்தில் சுகம் மட்டுமா இருக்கும் என்ற சந்தேகத்தில்தான் சரோஜம் தமிழ் எழுத்துகளைக் கற்றுக்கொண்டாள். சந்தேகம் சரியாகத்தான் இருந்தது.

பதினெட்டு வருடம் உயிரியல் டீச்சராக இருந்தாள். இடையில் உளவியலில் ஒரு பட்டமும் வாங்கினாள். கழக்கூட்டத்துக்கு அப்பால் ஒரு இன்டர்நேஷனல் ஸ்கூல் திறந்தபோது, மாணவர்களின் மனநிலையைக் கவனிக்கக் கவுன்சிலர் ஒருவர் கட்டாயம் வேண்டும் என்று வெளிநாட்டுத் தேர்வு வாரியம் சொன்னது. சரோஜம் போய்ச் சேர்ந்தாள். பன்னிரண்டு வருடம் ஆகிறது.

கீழ்த்தளத்தின் கோடியில் அவளுக்கு ஒரு அறை. இரண்டு நாற்காலி, ஒரு மேசை, ஒரு இரும்பு அலமாரி. அலமாரிக்கு மேலே, தங்கக் கரையிட்ட சட்டத்தில் ஒரு சான்றிதழ். நாற்பது மணிநேர ஆன்லைன் பயிற்சி முடித்ததற்குப் பெங்களூரிலிருந்து ஒரு நிறுவனம் அனுப்பியது. முதல் தடவை வரும் எந்தப் பிள்ளையிடமும் சரோஜம் ஒரே வார்த்தைதான் சொல்வாள்: "இங்க சொன்னது இந்த ரூமை விட்டுப் போகாது. உன் உயிருக்கு ஆபத்துன்னு தோணினா மட்டும் வெளிய சொல்லுவேன். அதையும் உன்கிட்ட சொல்லிட்டுத்தான் சொல்லுவேன்."

அந்தப் பள்ளியில் நீச்சல்குளம் இருந்தது, ரோபோ செய்கிற கூடம் இருந்தது, பிரெஞ்சு சொல்லிக்கொடுக்கப் பிரான்சிலிருந்தே ஒருவர் இருந்தார். சரோஜத்துக்கு என்று இருந்தது அந்த ஒரு வார்த்தைதான். பிள்ளைகள் அதை நம்பித்தான் கதவைத் தட்டினார்கள்.

பேசியதைக் குறித்துவைக்க வேண்டும் என்பது விதி. பள்ளி அதற்கு ஒரு கணினி நிரல் கொடுத்திருந்தது. சரோஜம் அதில் "மாணவரைச் சந்தித்தேன்" என்று ஒற்றை வரி மட்டும் தட்டுவாள். மற்றதெல்லாம் ஒரு நீள நோட்டில். நோட்டில் பாதி மலையாளம், கால் இங்கிலீஷ், மிச்சம் தமிழ், ஆனால் எழுத்து மட்டும் எல்லாமே தமிழ். பள்ளியில் தமிழ் பேசுகிறவர்கள் பத்துப் பதினைந்து பேர் உண்டு. ஆபீஸ் மேனேஜரைத் தவிர வாசிக்கத் தெரிந்தவர்கள் கிடையாது. இளம் டீச்சர்களுக்குக் கேட்டால் புரியும், எழுத்தைக் காட்டினால் ஜிலேபி என்பார்கள். பிள்ளைகளின் பெயரும் எழுதமாட்டாள். ஒவ்வொருவருக்கும் ஒரு காயின் பெயர், இல்லையென்றால் ஒரு பழத்தின் பெயர். அலமாரிச் சாவி டிபன் பாத்திரத்தின் அடித்தட்டில் இருக்கும். ஆனால் அவள் நிஜமாக நம்பிய பூட்டு அந்த எழுத்துதான்.

செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை, தம்பானூரில் ஒரு ஹோட்டலின் மூன்றாம் மாடிக் கூடத்தில் பயிலரங்கு. ஒன்பது பள்ளிகள், அறுபது டீச்சர்கள். அடுத்த அமர்வு ஒரு மாதம் கழித்து இதே இடத்தில். சரோஜத்தோடு ரேஷ்மி வந்திருந்தாள். பதினோராம் வகுப்பின் வகுப்பாசிரியை, முப்பது வயது, பாறசாலைக்காரி, சரோஜத்தைச் சேச்சி என்று அழைப்பவள்.

பயிற்சியாளர் பெயர் பட்டாபி. பெங்களூரிலிருந்து வந்தவர், நாற்பது வயது, கழுத்தில் மைக்கு. முதலில் எல்லோரையும் வட்டமாக நிற்கவைத்து ஒரு நூல்கண்டை உருட்டச் சொன்னார். கண்டு யாரிடம் வருகிறதோ அவர் தன் பயம் ஒன்றைச் சொல்ல வேண்டும். சரோஜத்திடம் வந்தபோது "கரப்பான்பூச்சி" என்றாள். அவளுக்குக் கரப்பான்பூச்சியிடம் பயம் கிடையாது.

பழம்பொரியும் தேநீரும் ஆனபிறகு, ரகசியம் காப்பது பற்றிப் பேச்சு வந்தது. "ஒரு கேஸ் பார்ப்போம்" என்று பட்டாபி திரையில் ஒரு பக்கத்தைப் போட்டார்.

பதின்மூன்று வயதுப் பெண். அப்பா வளைகுடாவில். அப்பாவும் அம்மாவும் பேசிக்கொள்வதில்லை. அம்மா குளிக்கப் போகும் நேரத்தில் பெண் அம்மாவின் போனை எடுத்து, அம்மா எழுதுவதுபோல அப்பாவுக்கு "சாப்பிட்டீங்களா?" என்று அனுப்புகிறாள். பதில் வந்ததும் இரண்டையும் அழித்துவிடுகிறாள். ஏழு மாதம். கடைசியில் ஒரு இதயம் போடுவாள். சிவப்புப் போட்டால் அப்பாவுக்குச் சந்தேகம் வரும் என்று மஞ்சள்.

சரோஜத்தின் கையிலிருந்த பேனா மேசையில் விழுந்தது. அவள் நோட்டில் அந்தப் பெண்ணின் பெயர் நெல்லிக்காய். மூன்று வருடம் முன்பு, எட்டாம் வகுப்பில் இருந்தபோது, முகத்தைக் கையால் மூடிக்கொண்டு விரல் இடுக்கு வழியாகச் சொன்னது இது. இப்போது பதினோராம் வகுப்பு. புதன்கிழமை தவறாமல் வருகிறாள். அப்பா மஸ்கட்டில் கணக்காளர்.

சாப்பாட்டு வேளையில் ரேஷ்மி தட்டோடு பக்கத்தில் வந்து நின்றாள். "சேச்சி, அது நம்மட குட்டி தன்னே?"

"எந்தக் குட்டி?"

"எல்லா நோட்டுலயும் மஞ்சள் ஹார்ட் வரைஞ்சு வைக்குமே. அப்பா மஸ்கட். எனக்கு இது ஒண்ணும் அறியாது கேட்டோ. சேச்சிக்கு அறியாமலா இருக்கும்?"

"மஞ்சள் ஹார்ட் இடுற பிள்ளைங்க நாட்டுல ஆயிரம் உண்டு. நீ சோறைத் தின்னு."

ரேஷ்மி சோறைத் தின்றாள். ஆனால் ஒரு பார்வை பார்த்தாள். பொதுவாக மற்றவர்களைச் சரோஜம் பார்க்கிற பார்வை அது. தன்மேல் விழுந்தபோதுதான் அதற்கு எடை உண்டு என்று அவளுக்குத் தெரிந்தது.

பட்டாபியிடம் நேரே போய்க் கேட்டிருக்கலாம். கேட்டால், அது என் பள்ளிப் பிள்ளை என்று அறுபது பேர் நடுவில் ஒப்புக்கொண்டதாகும். வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டாள்.

திங்கட்கிழமை அலமாரியைத் திறந்து மூன்று வருடம் முந்திய நோட்டை எடுத்துப் பக்கங்களை எண்ணினாள். ஒன்றும் கிழியவில்லை. நெல்லிக்காய் பக்கத்தின் ஓரத்தில் மட்டும் காகிதம் லேசாக உப்பியிருந்தது. ஈர விரல் பட்ட இடம். அவள் காலை அசெம்பிளிக்குப் போகும் கால்மணிநேரம் நோட்டு மேசைமேல்தான் கிடக்கும். அந்த நேரத்தில் அறைக்குள் ஈரக் கையோடு வரக்கூடியது ஒரே ஒரு ஆள்.

பிச்சம்மாள். போனக்காடு எஸ்டேட்டில் தேயிலை பறித்துக்கொண்டிருந்துவிட்டு மலையிறங்கி வந்தவள். நான்கு வருடமாக அந்த அறையைக் கூட்டித் துடைப்பது அவள்தான். தமிழ் பேசுவாள். ஆனால் வேலைக்குச் சேர்ந்த அன்றே, "எனக்கு எழுத்து வாசனை ஒண்ணும் இல்ல டீச்சரே" என்று சொன்னவள்.

சரோஜம் ஆபீசுக்குப் போனாள். ஆபீஸ் மேனேஜர் பகவதிப்பெருமாள் சுசீந்திரத்துக்காரர். பள்ளியில் தமிழ் வாசிக்கத் தெரிந்த இன்னொருவர். அவரையும் கணக்கில் வைத்துத்தான் பேச்சைத் தொடங்கினாள்.

"என் ரூமுக்கு ஒரு சாவி இங்க உண்டுல்லா? அதை யாராவது எடுக்கது உண்டா?"

"எடுத்து என்ன செய்யதுக்கு? அங்க என்ன, புதையலா இருக்கு?"

"பிள்ளையளுக்க காரியம் இருக்கு."

"எனக்கு என் வீட்டுக் காரியமே தாங்கல்ல டீச்சரே. இனி இவங்க காரியத்தை வேற எடுத்து வாசிக்கணுமா?" என்று சிரித்தார். "அந்த ரூமைத் துடைக்க எழுத்தறியாத ஆளு வேணும்னு நீங்க கேட்டிய. பிச்சம்மாளை இட்டுத் தந்தேன். பின்ன என்ன?"

அன்று வீட்டில் லிங்கராஜ் கேட்டான்: "பிச்சம்மாள் வாசிச்சான்னே வச்சுக்கோ. அவ எப்பிடி பெங்களூருக்குப் போயி மைக்கு வச்சவன்கிட்ட சொன்னா?"

"அவ மக பெங்களூருலதான் நர்ஸா இருக்கா."

"அது சரி. நர்ஸுக்கு ஊசி போடவே நேரம் இருக்காது. அவ போய் மஞ்சள் இதயத்தைப் பத்திச் சொன்னாளாக்கும்."

"உலகத்துல ஒருத்தருக்கொருத்தர் எப்பிடித் தொடர்புன்னு உங்களுக்குத் தெரியாது."

"எனக்குத் தெரிஞ்சது, நீ ரெண்டு நாளா சாம்பாருல உப்புப் போடல்ல."

மறுநாள் சரோஜம் ஒரு காரியம் செய்தாள். வெள்ளைத் தாளில் தமிழில் கொட்டை எழுத்தில் எழுதினாள்: "மேசைக்கு அடியில் பாம்பு போனது. கவனம்." மேசைமேல் வைத்துவிட்டு, அசெம்பிளிக்குப் போகிறவள்போலக் கிளம்பி, எதிர்ச்சாரியில் இருந்த ஸ்டோர் அறைக்குள் நின்று கதவின் கண்ணாடி வழியே பார்த்தாள்.

பிச்சம்மாள் வாளியோடு வந்தாள். ஜன்னலைத் துடைத்தாள். நாற்காலிகளைத் துடைத்தாள். மேசையருகே வந்து தாளைத் தூக்கி அடியில் துடைத்து, திரும்ப வைத்தாள். சற்று நின்றாள். பிறகு சேலையைக் கணுக்காலுக்கு மேல் ஏற்றிச் செருகிக்கொண்டு, துடைப்பக் கம்பின் நுனியைப் பிடித்து, எட்டடி தள்ளி நின்றபடி மேசைக்கு அடியில் ஒரு குத்து குத்தினாள்.

அப்படியானால் அவளுக்கு வாசிக்கத் தெரியும். பிடித்துவிட்டேன் என்ற சந்தோஷம் சரோஜத்துக்கு இருந்தது என்பதைச் சொல்லாமல் இருக்க முடியாது.

அவள் பிச்சம்மாளிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் அழுவாள், அழுதால் தன் மனம் இளகும் என்று கணக்குப் போட்டாள். நேரே பகவதிப்பெருமாளிடம் போய், பிச்சம்மாளை வேறு வேலைக்கு மாற்றச் சொன்னாள். அவர் பதிவேட்டை எடுத்து வைத்தார். காரணம் எழுத வேண்டும். "சுத்தம் போதாது" என்று சரோஜம் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அந்த அறையின் தரையில் முகம் பார்த்துத் தலை சீவலாம்.

பிச்சம்மாளை விழிஞ்ஞம் பஸ்ஸுக்கு மாற்றினார்கள். துறைமுகத்தில் வேலை பார்க்கிறவர்களின் பிள்ளைகளை ஏற்றி இறக்க வேண்டும். விடியுமுன் கிளம்ப வேண்டும். பஸ்ஸுக்கு மூன்று உயரமான படி. பிச்சம்மாளுக்கு முட்டுவலி உண்டு. அது சரோஜத்துக்கும் தெரியும்.

அந்த மாதம் நான்கு புதன்கிழமை நெல்லிக்காய் வந்தாள். தேர்வு பற்றி, அம்மாவின் தலைவலி பற்றிப் பேசினாள். நான்காவது புதன்கிழமை பேச்சை நிறுத்திவிட்டு, "மிஸ், நீங்க ஏன் என் முகத்தைப் பாக்க மாட்டேங்கறீங்க?" என்று கேட்டாள்.

"கண்ணுல ஏதோ விழுந்துட்டு" என்றாள் சரோஜம்.

இரண்டாம் அமர்வுக்கு அவள் தீர்மானத்தோடு போனாள். பிச்சம்மாளை மாற்றியாகிவிட்டது. இனி இந்த மனிதரிடமிருந்து அவள் மகளின் பெயர் வரவேண்டும், அவ்வளவுதான். தேநீர் இடைவேளையில் பட்டாபி தனியாக ஜன்னலருகே நின்று பிளாஸ்கிலிருந்து வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தார். கீழே ஸ்டேஷனில் நாகர்கோவில் வண்டிக்கு அறிவிப்பு ஓடிக்கொண்டிருந்தது.

"சார், போன தடவை ஒரு கேஸ் காட்டினீங்களே. மஞ்சள் இதயம். அது எங்கேருந்து கிடைச்சுது?"

தமிழைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது. "நீங்க தமிழா? சொல்லவே இல்லையே! நானும் இந்த ஊர்தான் மேடம். கோட்டைக்குள்ளே பொறந்தவன். அந்தக் கேஸ்தானே? எல்லாரும் அதைத்தான் கேக்கறா. எங்க ஆன்லைன் கோர்ஸ்ல ஒரு கவுன்சிலர் எழுதிக் குடுத்தது."

"யாரு?"

"பேர் எனக்கே தெரியாது. பங்கெடுத்தவா பேரையெல்லாம் எடுத்துடுவோம். நம்பர் மட்டும்தான் இருக்கும்." மடிக்கணினியைத் திறந்தார். "நான் எவ்வளவு ஜாக்கிரதையா இருப்பேன்னு உங்களுக்குக் காட்டறேன், பாருங்கோ. இது ஒரிஜினல். இதுல பொண்ணே இல்லை. பையன். நான்தான் பொண்ணா மாத்தினேன்."

சரோஜம் திரையைப் பார்க்கவில்லை. அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதுல அம்மா அயர்லாந்துல நர்ஸ். அப்பா ஊர்ல இருக்கார். பையன் அப்பா போன்லேர்ந்து அம்மாவுக்கு அனுப்பறான். அப்படியே போட்டா யாராவது கண்டுபிடிச்சுடுவாளோன்னு, அம்மாவை ஊர்ல வெச்சு அப்பாவை கல்ஃபுக்கு அனுப்பிட்டேன். தலைகீழா திருப்பியாச்சு. அந்தப் பையன் எதிர்ல உக்காந்திருந்தாக்கூட இது தன் கதைன்னு தெரியாது."

மூன்று வருடம் முன்பு, நாற்பது மணிநேரப் பயிற்சியின் கடைசி நாள், சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, சான்றிதழுக்கு வேண்டி, சரோஜம் எழுதியது அது. பெண்ணைப் பையனாக்கினாள். அப்பாவை அம்மாவாக்கினாள். மஸ்கட்டை அயர்லாந்தாக்கினாள். ஒருத்தருக்கும் தெரியாது என்று திருப்தியோடு அனுப்பினாள். அடியில், "பயிற்சிக்காகப் பயன்படுத்த இசைகிறேன்" என்ற கட்டத்தில் குறியும் போட்டாள். அதன்பிறகு அவள் நினைவில் அது யாரோ ஒரு பையனின் கதையாகவே தங்கிவிட்டது. அவள் போட்ட வேஷத்தின்மேல் இந்த மனிதர் இன்னொரு வேஷம் போட்டிருக்கிறார். இரண்டும் சேர்ந்து, பிள்ளை தன் சொந்த முகத்தோடு அறுபது பேர் முன்னால் வந்து நின்றுவிட்டாள்.

"அந்த மஞ்சள் இதயத்தையும் மாத்தியிருக்கலாமே, சார்."

"மாத்தணும்னுதான் பார்த்தேன். மனசு வரலை. ரொம்ப நன்னா இருந்தது."

"ஆமா" என்றாள் சரோஜம். "எனக்கும் மனசு வரல்ல."

அவருக்குப் புரியச் சற்று நேரம் ஆனது. புரிந்ததும் பிளாஸ்கின் மூடியை மெதுவாகத் திருகினார். அவர் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார். சரோஜம் அதைக் கேட்கவில்லை. அந்தப் பக்கத்தைத் தன் கண்முன்னால் அழிக்கச் சொன்னாள். இரண்டு இடத்தில் அழித்தார். பெங்களூரில் இன்னொரு பிரதி உண்டு, திங்கட்கிழமை அதையும் அழித்துவிட்டுத் தகவல் சொல்கிறேன் என்றார். செய்வாரா என்று அவளுக்குச் சந்தேகம்தான். ஆனால் சந்தேகப்படும் உரிமை தனக்கு இன்னும் உண்டா என்பதும் சந்தேகமாக இருந்தது.

வெளியே வரும்போது ரேஷ்மியை நிறுத்தி, "நீ நினைச்சது சரிதான். அது வெளிய போனது என் கையாலத்தான்" என்றாள். ரேஷ்மி அவள் கைப்பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு, பஸ் நிலையம்வரை கூடவே நடந்தாள்.

லிங்கராஜ் முழுவதும் கேட்டான். சிரிப்பான் என்று நினைத்தாள். சிரிக்கவில்லை. "இனி நீ உன் சேலையையும் ஒண்ணு மோந்து பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுச் சாப்பாட்டை எடுத்துவைத்தான். அது சிரிப்பைவிட மோசமாக இருந்தது.

திங்கட்கிழமை பகவதிப்பெருமாளிடம் பதிவேட்டை எடுக்கச் சொன்னாள். பிச்சம்மாளைத் திரும்ப அந்த அறைக்கே மாற்ற வேண்டும். காரணம் என்ற இடத்தில், "முன்பு எழுதியது பொய். தவறு என்னுடையது" என்று எழுதினாள்.

அவர் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். "டீச்சரே, இது பைல்ல நிக்கும். நாளைக்கு எவனாவது எடுத்துக் கேப்பான். வேற ஏதாவது எழுதலாம், கேட்டியளா? ஆள் பற்றாக்குறைன்னு."

"நிக்கட்டும்."

"ஒண்ணு கேக்கட்டா? எழுத்துத் தெரியாத ஆளுதான் வேணும்னு சொன்னிய. அவளுக்குத் தெரியும், அது எனக்கும் தெரியும். கீழ் நிலையில படி ஏறாம செய்யக்கூடிய வேலை அது ஒண்ணுதான் இருந்துச்சு. முட்டு வீங்கிக் கெடந்துச்சு பாவத்துக்கு. நான்தான், தெரியாதுன்னு சொல்லுன்னேன்."

பஸ்கள் நிற்கும் கொட்டகையில் பிச்சம்மாள் ஒரு சீட்டில் யாரோ ஒட்டிய சூயிங்கத்தைக் கரண்டிக்காம்பால் சுரண்டிக்கொண்டிருந்தாள். சரோஜம் மூன்று படியும் ஏறி உள்ளே போனாள். தன் முட்டும் வலித்தது.

"பிச்சம்மா, நாளையிலேர்ந்து நீ ரூமுக்கு வா."

"எதுக்கு டீச்சரே? சுத்தம் போதாதுன்னு எழுதுனீங்களாமே?"

"அது நான் எழுதின பொய்."

பிச்சம்மாள் சுரண்டுவதை நிறுத்தவில்லை. "பாம்புன்னு எழுதுனதும் பொய்தானே? நாலு நாளு ஒறக்கம் வரல்ல எனக்கு. போனக்காட்டுல பாம்பு கடிச்ச கால் இது."

சரோஜம் எதிர்ச் சீட்டில் உட்கார்ந்தாள். நடந்ததைச் சொன்னாள். பயிற்சி, சான்றிதழ், பையன், அயர்லாந்து எல்லாம். பிச்சம்மாள் பாதிக்கு மேல்தான் திரும்பிப் பார்த்தாள்.

"அப்ப வெளிய விட்டது நீங்களா?"

"நான்தான்."

"கொள்ளாம், நல்லா இருக்கு" என்றாள் பிச்சம்மாள். பிறகு, "ஏழாங்கிளாஸ் வரைக்கும் நான் எஸ்டேட் பள்ளிக்கூடத்துல தமிழ் படிச்சவ. ஒங்க நோட்டு மேசையில கெடக்கும். வாசிச்சிருக்கேன். இல்லன்னு சொல்லமாட்டேன். கண்ணு முன்னால எழுத்துக் கெடந்தா வாசிக்காம இருக்க எனக்கு வராது. ஆனா ஒண்ணு. நீங்க தப்பா எழுதிட்டா கிழிச்சுக் குப்பைக்கூடையில போடுவீங்கல்ல? அதை நான் ஒரு நாளும் குப்பையில கொட்டுனதில்ல. வாளித் தண்ணியில ஊறப் போட்டு, கசக்கி, கூழாக்கித்தான் கொட்டுவேன். எஸ்டேட் லயத்து வீட்டுல எங்க அக்காவுக்கு வந்த கடுதாசிய ஒருத்தன் குப்பையிலேருந்து எடுத்து, டீக்கடையில வச்சு உரக்க வாசிச்சான். அவ அதோட ஊரைவிட்டே போனா."

சரோஜம் மனதுக்குள் எண்ணிப் பார்த்தாள். நான்கு வருடம் அவள் கிழித்துப் போட்ட தாள்கள் எத்தனை இருக்கும்!

"சரி, அது இருக்கட்டும்" என்றாள் பிச்சம்மாள். "நெல்லிக்காப் பிள்ளைக்கிட்ட சொல்லியாச்சா?"

சொல்லியிருக்கவில்லை. சொல்லாமல் விட்டுவிட முடியுமா என்றுதான் இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருந்தாள். அழித்தாகிவிட்டது, ரேஷ்மி பேசமாட்டாள், பிள்ளைக்கு எதற்கு வீண் வருத்தம் என்று ஒரு நியாயமும் தயாராக இருந்தது.

"அது அறியாமப் போகட்டும்னு…"

"ஒங்க அம்மா ஒங்ககிட்ட அப்பிடி மறைச்சா விடுவீங்களா டீச்சரே?" என்று சாதாரணமாகக் கேட்டுவிட்டு, பிச்சம்மாள் அடுத்த சீட்டுக்கு நகர்ந்தாள். சரோஜத்தின் அம்மா அக்காள் கடிதங்களை மறைத்த கதை அவளுக்குத் தெரிந்திருக்க வழியில்லை. சரோஜம் ஒரு நிமிடம் அதையும் சந்தேகப்பட்டாள்.

புதன்கிழமை நெல்லிக்காய் வந்து உட்கார்ந்ததும் சரோஜம் அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். எதையும் சுற்றவில்லை. பெண் பையை மடியில் வைத்து அதன் ஜிப்பைத் திறந்து மூடிக்கொண்டே கேட்டாள்.

"எத்தனை பேர் பாத்தாங்க?"

"அங்க அறுபது பேர். அதுக்கு முன்னால வேற ஊர்லயும் காட்டியிருக்காங்க. எத்தனைன்னு எனக்குத் தெரியாது."

"ரேஷ்மி மிஸ்?"

"அவளுக்கு மனசிலாயிட்டு."

"ஹார்ட்டையும் சொன்னீங்களா?"

"சொன்னேன்."

பெண் ஜிப்பை முழுக்க இழுத்து மூடினாள். "அது எங்க அம்மாவுக்கே தெரியாது மிஸ்" என்றாள். பிறகு, "நீங்க எழுதினப்ப நான் பையனா?"

"ஆமா."

"அப்படியே விட்டிருக்கலாம் அந்த ஆள்" என்றாள். சிரிப்பு மாதிரி ஒன்று வந்து பாதியில் நின்றது. எழுந்து போய்விட்டாள். கதவை அடிக்கவில்லை. மெதுவாகத்தான் சாத்தினாள்.

அடுத்த புதன்கிழமை வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை. சரோஜம் கூப்பிட்டு அனுப்பவில்லை. சான்றிதழைச் சுவரிலிருந்து கழற்றி அலமாரிக்குள் குப்புற வைத்தாள். சுவரில் வெளிறிய சதுரம் ஒன்று நின்றது. பிச்சம்மாள் அதை இரண்டு தடவை ஈரத்துணியால் துடைத்துப் பார்த்துவிட்டு, "இது போகாது டீச்சரே" என்றாள்.

மூன்றாவது புதன்கிழமை கதவு தட்டப்பட்டது. நெல்லிக்காய். உடனே உட்காரவில்லை. மேசைமேல் இருந்த நீள நோட்டைப் பார்த்தாள். கணினியைப் பார்த்தாள். சரோஜத்தின் போனைப் பார்த்து, "ஆஃப் பண்ணுங்க" என்றாள். சரோஜம் அணைத்தாள். கைப்பையில் இருந்த இரண்டாவது போனையும் எடுத்து வைத்தாள். "இது செத்தது" என்றாள். பெண் அதன் பொத்தானை அழுத்தி, செத்ததுதான் என்று உறுதிசெய்துகொண்டாள்.

"நோட்டு?"

"அலமாரியில வச்சுப் பூட்டட்டுமா?"

"வேண்டாம். இந்த ரூம்ல வேண்டாம்."

சரோஜம் நோட்டை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்தாள். வராந்தாவில் பிச்சம்மாள் துடைத்துக்கொண்டிருந்தாள். "இதை வச்சுக்கோ. இந்தப் பிள்ளை போறதுவரைக்கும்."

பிச்சம்மாள் சேலையில் இரண்டு கையையும் நன்றாகத் துடைத்துவிட்டு வாங்கிக்கொண்டாள். காலி வாளியைக் கவிழ்த்துப்போட்டு, முழங்காலைப் பிடித்தபடி அதன்மேல் உட்கார்ந்து, நோட்டை மடியில் வைத்தாள்.

"வாசிக்கமாட்டியே?" என்று கேட்டுவிட்டாள் சரோஜம். பழக்கம்.

"வாசிச்சா ஒங்ககிட்ட சொல்லிருவேன், போங்க" என்றாள் பிச்சம்மாள்.

உள்ளே பெண் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பை இன்னும் தோளில்தான் இருந்தது. கதவின் கண்ணாடி வழியே, நோட்டு எங்கே இருக்கிறது என்று ஒரு முறை எட்டிப் பார்த்தாள். பிறகு, "மிஸ், அப்பா வர்றார், அடுத்த மாசம்" என்று ஆரம்பித்தாள்.